பனியாற்றின் வரவு செலவு

மணாலியிலிருந்து புறப்பட்ட முதல் அரைமணி நேரம் ஒரு சொல்லைப் பற்றிய சண்டையிலேயே கழிந்தது. 2024 ஜூலைத் தொடக்கம். நம் சங்கத்தார் 22 பேர் இரண்டு சிறு வண்டிகளில் லாகுல் பள்ளத்தாக்கு வழியாகச் சந்திரதால் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாங்கள் காணப் போவது பனிப்பாறையா, பனிமலையா, பனியாறா என்பதே வழக்கு.

தமிழ் முதுகலை படிக்கும் நண்பர் முதலில் வாதிட்டார். முன்பனி என்றும் பின்பனி என்றும் பருவத்தையே இரண்டாகப் பிரித்து வைத்த நம் முன்னோர்க்குப் பனி என்றால் புல் நுனியில் நிற்கும் துளிதான். வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கிக் குன்றுகளை மூடும் பொருளுக்கும் அதே பெயரைச் சூட்டியது நாம் செய்த வேலை என்றார். செய்தித்தாள்கள் பனிப்பாறை என்றே எழுதுகின்றன என்றார் வேதியியல் நண்பர். நான் பனியாறு என்றேன். “ஓடாத ஒன்றை ஆறு என்று எப்படி அண்ணா சொல்வது?” என்று பின் இருக்கையிலிருந்து ஒரு தங்கை கேட்டாள். “ஓடுகிறது, காட்டுகிறேன், வா” என்று சொல்லிவிட்டேன். நிலவியல் ஆராய்ச்சி மாணவன் என்ற மிடுக்கு அப்படிப் பேச வைத்தது. அந்த மிடுக்கு மறுநாள் வரை நீடிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நம் செயலாளர், “காட்சிகளின் அழகை எல்லோரும் எழுதுவார்கள், நீர் பாடத்தை எழுதும்” என்று கட்டளையிட்டார். ஆகவே இது பயணக்கதை அன்று. ஆயினும் பாடம் நடந்த இடம் வகுப்பறையாக இல்லாததால், வழியில் நடந்தவற்றை விட்டுவிட்டுச் சொல்லவும் முடியவில்லை.

முதல் பாடத்தைச் சுரங்கப்பாதையே நடத்தியது. 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை பீர்பஞ்சால் மலைத்தொடரின் அடியே 9.02 கிலோமீட்டர் செல்கிறது. அதற்கு முன் லாகுலுக்குப் போக வேண்டியவர் ஏறக்குறைய 13,000 அடி உயரமுள்ள ரோதாங் கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் கணவாய் மூடிக்கொண்டால் லாகுல் மக்கள் மாதக்கணக்கில் மற்ற உலகத்தோடு தரைவழித் தொடர்பின்றி இருப்பார்கள். நாங்கள் தெற்கு வாயிலில் நுழைந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தேவதாரு மரங்கள் நனைந்து கறுத்திருந்தன. வடக்கு வாயிலில் வெளிவந்தபோது வெயில்; மலைகள் மரமின்றி மொட்டையாய் நின்றன. கால்மணி நேரங்கூட ஆகவில்லை. வண்டிக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் நீரில் பெரும்பகுதியைப் பீர்பஞ்சால் தன் தெற்குச் சரிவிலேயே இறக்கி வைத்துவிடுகிறது. அப்படியானால் லாகுலின் பனியாறுகளுக்கு உணவு எங்கிருந்து வருகிறது? குளிர்காலத்தில், மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடற்பகுதியில் எழும் காற்றுச் சுழற்சிகள் ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து வந்து இமயத்தின் இப்பகுதியில் வெண்பனியாக இறங்குகின்றன. இவற்றை வானிலை நூலார் மேற்கத்தியக் கலக்கம் என்பர். ஆக, லாகுலின் பனியாற்றுக்கு வருவாய் பெரும்பாலும் குளிர்காலத்தில், செலவு கோடையில். நாங்கள் போனது செலவு மும்முரமாக நடக்கும் மாதம். இதை நான் நன்கு அறிந்திருந்தேன். அறிந்ததைப் பயன்படுத்தத் தவறினேன் என்பது பின்னால் வருகிறது.

கோக்சரையும் கிராம்புவையும் தாண்டினால் தார்ச்சாலை என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. கற்களின் நடுவே சக்கரம் பட்ட தடம்தான் வழி. சந்திரா நதி சாம்பல் நிறமாய்ச் சுழித்தோடுகிறது. நண்பகலுக்குச் சற்று முன் சத்ருவை அடைந்து ஒரு தாபாவில் இறங்கினோம். எங்கள் முதல் வண்டியின் ஓட்டுநர் லாகுலைச் சேர்ந்த பெரியவர். அவர் தேநீர்க் குவளையைக் கையில் வாங்கியபடியே, “மாஸ்டர்ஜி, சீக்கிரம் கிளம்புங்கள். மேலே நாலாக்கள் இருக்கின்றன” என்றார். நாலா என்பது மலைமேலிருந்து சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு இறங்கும் ஓடை. அந்தச் சாலையில் பல நாலாக்களுக்குப் பாலம் கிடையாது; தண்ணீருக்குள்ளேயே வண்டியை இறக்கி ஏற்ற வேண்டும். நான் தலையை ஆட்டிவிட்டு வகுப்பைத் தொடங்கினேன்.

பள்ளத்தாக்கின் வடிவத்தைப் பாருங்கள் என்றேன். ஆறு தானாக அறுத்த பள்ளத்தாக்கு மேலே அகன்று அடியில் கூர்மையாக, புனலைப்போல் இருக்கும். சத்ருவுக்கு மேலே சந்திராவின் பள்ளத்தாக்கோ தொட்டியைப் போன்றது. இரு பக்கமும் செங்குத்தாக எழ, அடித்தளம் அகன்று கிடக்கிறது. இத்தனை அகலமான தரையைச் செதுக்க இந்த நதியால் மட்டும் ஆகாது. முன்னொரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு பனி நகர்ந்தது. அடியில் சிக்கிய கற்களையே உளியாகக் கொண்டு அது தரையையும் சுவரையும் தேய்த்தது. பக்கவாட்டில் வந்து சேர்ந்த சிறிய பனியாறுகள் அத்தனை ஆழம் தோண்ட முடியாமல் உயரத்திலேயே நின்றுவிட்டன. பெரிய பனி உருகிப் போனபின் அவற்றின் வாய்கள் சுவரின் நடுவே தொங்கலாயின. வழிநெடுகக் கண்ட அருவிகள் பல அப்படிப்பட்ட வாய்களிலிருந்து விழுபவைதாம்.

பனி எப்படி ஆறாகிறது என்பதற்கு வந்தேன். புதிதாய் விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றே. அடுத்த ஆண்டின் பனி அதன்மேல் விழுந்து அழுத்தும். அதற்கடுத்த ஆண்டினது அதன்மேல். அழுந்த அழுந்தத் துகள்கள் உருண்டு இறுகி, இடையிலிருந்த காற்று வெளியேறி, எஞ்சியது சிறு குமிழிகளாய்ச் சிறைப்பட்டு, கடைசியில் நீலம் பாய்ந்த பனிக்கட்டியாகிறது. சில பத்து மீட்டர் கனம் சேர்ந்துவிட்டால் அது தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் சரிவு நோக்கி நகரத் தொடங்கும். உள்ளுக்குள் குழைந்து நகரும், அடியில் நீர் இருந்தால் வழுக்கியும் நகரும். அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள சோட்டா ஷிக்ரியின் கனம் சில இடங்களில் 270 மீட்டர் வரை இருப்பதாக ரேடார் கொண்டு அளந்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை நான்கு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதற்குள் மூழ்கிவிடும். அவ்வளவு பெரிய உடம்பு ஆண்டொன்றுக்குச் சில பத்து மீட்டர் நடக்கிறது.

இவ்வளவையும் சொல்லி, கேள்விகளுக்கு விடையும் சொல்லி முடிக்கையில் மணி இரண்டரை. ஓட்டுநர் வண்டிக்குள் அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளி மேகம் இல்லை. எனக்கோ நல்ல வெயில் வாய்த்ததே என்று மகிழ்ச்சி!

சோட்டா தாராவைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் அந்த நாலா வந்தது. நான்கு மணி இருக்கும். சாலை இருந்த இடத்தில் இருபதடி அகலத்துக்குச் சேற்று நிற வெள்ளம் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னோர் ஓசையும் கேட்டது. தண்ணீருக்குள்ளே கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் ஓசை. ஓட்டுநர் இறங்கினார். முழங்கால் அளவு வரை போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். “இனி முடியாது. பனி இராத்திரி தூங்கும், பகலில் விழிக்கும். இப்போது நன்றாக விழித்திருக்கிறது” என்றார்.

அவர் சொன்னதை நான் ஒரு கருத்தரங்கில் வரைபடம் போட்டு விளக்கியிருக்கிறேன். பனியாற்றின் நீர் நாள்தோறும் ஏறி இறங்கும். சூரியன் உச்சிக்கு வந்தபின் உருகல் மிகும். உருகிய நீர் பனியின் மேற்பரப்பிலும் அடியிலுமுள்ள வழிகளைக் கடந்து ஓடைக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் வெள்ளம் உச்சத்தை அடைவது நண்பகலில் அன்று, பிற்பகலிலோ மாலையிலோதான். இரவில் உருகல் அடங்கும். விடியற்காலையில் ஓடை மிகவும் மெலிந்திருக்கும். நம் ஊரில் மேகம் கண்டு வெள்ளத்துக்கு அஞ்சுவோம். மழையற்ற பனிநாட்டின் கோடையில் மேகமற்ற வெயிலுக்கும் அஞ்ச வேண்டும். எல்லாம் தெரிந்த நான் தாபாவில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினேன்; வரைபடமே கண்டறியாத அவர் தேநீரைக்கூட நின்றபடியே குடித்தார்.

அதற்குள் வேறொரு கவலையும் சேர்ந்துகொண்டது. பனியாறு ஓடுமா என்று கேட்ட அதே தங்கை தலைவலி என்று சாய்ந்திருந்தவள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நாங்கள் நின்ற இடம் சுமார் 12,000 அடி. காலையில் கிளம்பிய மணாலியோ 6,700 அடிதான். நான் வகுத்த திட்டப்படி அன்றிரவு தங்க வேண்டிய இடம் 14,000 அடி உயரத்தில். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவே குறையும். பத்தாயிரம் அடிக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 1,500 அடிக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறுவோர் விதி. ஒரே நாளில் ஏழாயிரம் அடிக்கு மேல் ஏற்றிவிடத் திட்டம் போட்டவனை என்னவென்று சொல்வது! தங்கும் கூடாரங்களுக்கு முன்பணம் கட்டியாயிற்று, எப்படியாவது கடந்துவிடலாம் என்று இரண்டாம் வண்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். உயர நோய்க்கு நிச்சயமான மருந்து கீழே இறங்குவதுதான். வண்டிகளைத் திருப்பினோம். சத்ருவில், காலையில் பாடம் நடத்திய அதே தாபாவில் 22 பேரும் நெருக்கிப் படுத்தோம். நள்ளிரவுக்குள் அந்தப் பெண்ணுக்குத் தலைவலி விட்டது. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் தூங்கவில்லை.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். அதே நாலா கணுக்காலுக்குச் சற்று மேலே, சலசலவென்று ஒன்றும் அறியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் உருண்ட கற்கள் கரையோரம் ஈரமாய்க் கிடந்தன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமலே கடந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதன்பின்தான் நாங்கள் பார்க்க வந்தது கண்ணில் பட்டது. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆற்றின் எதிர்க்கரையில் பள்ளத்தாக்கின் வாயைச் சுட்டி, “அதோ, படா ஷிக்ரி” என்றேன். எல்லோரும் அண்ணாந்து வெண்சிகரங்களைப் பார்த்தார்கள். மேலே அன்று, கீழே என்றேன். கல்லும் மண்ணும் கொட்டிய சாம்பல் மேடுகள்தாம் தெரிந்தன. “கல்லுடைக்கிற இடம் மாதிரி இருக்கிறதே!” என்றார் தமிழ் நண்பர். ஏறக்குறைய 28 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பனியாறு அது. ஹிமாசலப் பிரதேசத்திலேயே பெரியது. லாகுலில் ஷிக்ரி என்றால் பனியாறு. படா, சோட்டா என்பவை பெரியது, சிறியது. மலைச்சுவர்களிலிருந்து விழும் கற்களைச் சுமந்து சுமந்து அதன் கீழ்ப்பகுதி கல்போர்வைக்குள் மறைந்திருக்கிறது. போர்வை மெல்லியதானால், கறுத்த கல் வெயிலை உறிஞ்சிப் பனியை விரைவில் உருக்கும். கனமானதானால், நம் ஊர்ப் பனிக்கட்டிக் கடையில் உமி மூடுவதுபோல் வெப்பத்தைத் தடுத்துக் காக்கும். அழகான வெண்மை நேற்றைய பனி. அழுக்காய்த் தெரிவதே நூற்றாண்டுகளின் பனி.

1836இல் இந்தப் படா ஷிக்ரி முன்னே பாய்ந்து சந்திராவின் குறுக்கே அணைபோல் விழுந்ததாகவும், தேங்கிய நீர் பின்னர் உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கை அழித்ததாகவும் பழைய குறிப்புகள் கூறுகின்றன. 1906இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வாக்கரும் பாஸ்கோவும் லாகுலின் பனியாறுகளை ஆராய்ந்து குறிப்பெழுதினார்கள்.

இப்போது கணக்கு மிக நுணுக்கமாக எழுதப்படுவது அண்டையிலுள்ள சோட்டா ஷிக்ரியில். நீளம் சுமார் 9 கிலோமீட்டர். பரப்பு 15 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2002 முதல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு அறிவியலாரும் சேர்ந்து தொடங்கிய அளவை இது. பல ஆண்டுகள் இதில் முன்னின்றவர்களுள் ஒருவர் பேராசிரியர் ஏ.எல். இராமநாதன். முறை எளியது, உழைப்புத்தான் கடியது. பனியாற்றின் கீழ்ப்பகுதியில் நீராவித் துளைப்பானால் துளையிட்டு மூங்கிற் கழிகளை ஆழ நடுகிறார்கள். ஓராண்டு கழித்துக் கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு பனி அங்கே செலவாயிற்று. மேற்பகுதியில் குழி தோண்டி, ஓராண்டில் எவ்வளவு பனி சேர்ந்தது, அதன் அடர்த்தி என்ன என்று அளக்கிறார்கள், அது வரவு. வரவும் செலவும் சரிசமமாகும் உயரக்கோடு ஒன்று பனியாற்றின் குறுக்கே ஓடும். நல்ல ஆண்டில் அது கீழிறங்கும். கெட்ட ஆண்டில் மேலேறும்.

வரவு சற்று மிஞ்சிய ஆண்டுகளும் சில உண்டு. ஆனால் 2002 முதல் 2019 வரை கூட்டிப் பார்த்தால், பனியாறு முழுவதும் சராசரியாக ஆண்டுக்கு 0.46 மீட்டர் உயர நீருக்குச் சமமான பனியை இழந்திருக்கிறது. பதினேழு ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டு மீட்டர். தன் உடம்பு முழுவதிலிருந்தும் இரண்டு மாடி உயர நீரை உரித்துக் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அந்தத் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து நல்ல கேள்வி ஒன்று கேட்டாள்: “பனியாறு பின்வாங்குகிறது என்கிறார்களே, அப்படியானால் மேல்நோக்கி நகர்கிறதா?” பலருக்கும் உள்ள குழப்பம் இது. பனி ஒருபோதும் மேல்நோக்கி நகர்வதில்லை; பின்வாங்கும் பனியாறும் கீழ்நோக்கியே நடந்துகொண்டிருக்கும். முனைக்கு வந்து சேரும் பனியைவிட அங்கே உருகும் பனி மிகுந்தால் முனை மேலே போகிறது, அவ்வளவே. மூட்டை வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே கடையில் சரக்கு குறைவதில்லையா? எனவே நீளத்தை மட்டும் பார்த்து நிலைமையைச் சொல்லிவிட முடியாது. கல்போர்வைக்குள் இருந்தபடியே மெலியும் பனியாறுகள் பல. பாறை என்று சொன்னால் இதெல்லாம் விளங்காது. அதனால்தான் பனியாறு என்ற சொல்லுக்காகச் சண்டையிட்டேன். தமிழ் நண்பர் அந்த இடத்தில் இசைந்தார்.

பாதாலில் பாலம் கடந்து, ஒடுங்கிய மலைத்தடத்தில் 14 கிலோமீட்டர் போய்ச் சந்திரதாலை அடைந்தோம். அதன் அழகை எழுதுவதில்லை என்று செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். 2005 முதல் அது ராம்சார் உடன்படிக்கையின்கீழ்க் காக்கப்படும் ஈரநிலம். கரையில் கூடாரம் அடிக்கக் கூடாது. தங்குமிடம் சற்று விலகியே இருக்கிறது. நாம் அறிந்த மலையேரிகள் மனிதர் அணையிட்டுத் தேக்கியவை. கோடைக்கானல் ஏரி 1863இல் லெவின்ஜ் என்ற ஆட்சித்தலைவரால் உண்டாக்கப்பட்டது. சந்திரதால் பழைய பனியாறு விட்டுச்சென்ற பள்ளத்தில் நிற்கும் நீர். ஆறொன்று வந்து விழுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. வழிந்து வெளியேறும் நீர் தெரிகிறது.

அங்கே ஒரு சிறு சோதனை செய்தோம். ஒரு கண்ணாடிப் புட்டியில் சந்திரா நதியின் நீரை முன்பே பிடித்து வைத்திருந்தோம். இன்னொன்றில் ஏரியின் நீரை எடுத்தோம். ஏரி நீர் துல்லியமாக இருந்தது. தேங்கிய நீரில் தூசு அடியில் தங்கிவிட்டது. தெளிந்த ஆழ்நீர் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கி நீலத்தைத் திருப்பி அனுப்புவதால் ஏரி நீலமாகிறது. சந்திராவின் நீரோ கலங்கிய கஞ்சிபோல் இருந்தது. அது மண் அன்று, கல்மாவு. பனியாறு தன் அடியிலுள்ள பாறையைத் திரிகையிட்டு அரைத்த மாவு. அத்தனை மெல்லியதாதலால் எளிதில் படிவதில்லை. இந்த மாவு அளவோடு மிதக்கும் ஏரிகள்தாம் பாலும் நீலமும் கலந்த பச்சையாய்த் தோன்றுபவை.

திரும்பும் வழியில் சிசுவில் தேநீருக்கு நின்றோம். அந்த ஊருக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், கேபாங் காத் என்னும் ஏரி இருக்கிறது. 1989இல் 36 ஹெக்டேராக இருந்தது 2022இல் 101 ஹெக்டேராகப் பெருகிவிட்டதை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டியிருக்கிறது. பனியாறு பின்வாங்கும்போது, தான் கொண்டுவந்து குவித்த கற்கரைக்கும் தன் முனைக்கும் நடுவே பள்ளத்தை விட்டுச் செல்கிறது. உருகும் நீர் அதில் நிறைகிறது. பொறியாளர் எவரும் கட்டாத அணை அந்தக் கற்கரை. மேலிருந்து பனிப்பாளமோ பாறையோ ஏரியில் விழுந்து அலை எழும்பினால் அது உடையலாம். 2023 அக்டோபரில் சிக்கிமில் தென் லோனக் ஏரி அப்படித்தான் உடைப்பெடுத்தது, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் மின்நிலையத்தின் அணையை ஓர் இரவில் அடித்துச் சென்றது, பலர் மாண்டனர். சிசுவில் தாபாக்காரர் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, மேலே ஏரியைப் பற்றித் தமக்குத் தெரியும் என்றார். பிறகு எத்தனை ரொட்டி என்று கேட்டார்.

இரண்டு புட்டிகளையும் மடியிலேயே வைத்து அந்தத் தங்கை டில்லி வரை கொண்டுவந்தாள். இப்போது அவை நம் சங்கப் படிப்பறையின் சன்னல் ஓரத்தில் இருக்கின்றன. சந்திராவின் நீர் தெளிந்துவிட்டது. அடியில் நகக்கண் அளவு சாம்பல் நிறப் படிவு தெரிகிறது. விரும்புவோர் பார்க்கலாம். குலுக்கிவிட்டால் மீண்டும் தெளிய நெடுநேரமாகும் என்பதால், குலுக்காமல் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.